சிஸ்டர், ஒரு நிமிஷம்

தமிழ்நாட்டில் எந்த ஆஸ்பத்திரியின் பொது வார்டிலும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், இந்த மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். டிரிப்ஸ் முடியப் போகிறது. கட்டிலுக்கு மேலே ஃபேன் சுற்றவில்லை. ஸ்கேனுக்கு எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள்? பெரிய டாக்டர் வந்துவிட்டுப் போய்விட்டாரா? இன்சூரன்ஸ்காரர்கள் கேட்ட தாளை யாரிடம் வாங்குவது? எல்லாவற்றுக்கும் முன்னால் ‘சிஸ்டர், ஒரு நிமிஷம்.’ என் அம்மா காலில் புண் பழுத்து, சர்க்கரையும் ஏறி, ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்தபோது இதை எத்தனை முறை சொன்னேன் என்று நான் எண்ணவில்லை. ஒரு முறை மட்டும் மறக்கவில்லை.

நான்காம் நாள் இரவு எட்டரை மணி இருக்கும். பகல் ஷிஃப்ட் போய் இரவு ஷிஃப்ட் வந்திருந்தது. 24 கட்டில்கள், இரண்டு நர்சுகள். அவர்களில் சின்னவர், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கலாம், டிராலியை எங்கள் கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவே நிறுத்தி, கேஸ் ஷீட்டைப் பார்த்துப் பார்த்து அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்துச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் நின்றேன். காலையில் ரத்தம் எடுக்க வெறும் வயிற்றில் இருக்க வேண்டுமா என்பது என் கேள்வி. பத்து நிமிடம் கழித்துக் கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ‘ஆமாக்கா, ஃபாஸ்டிங்தான், ஆறு மணிக்கு எடுப்பாங்க’ என்றார். நான் நகர்வதற்குள் எதிர்க் கட்டில்காரரின் மகன் வந்து சிறுநீர்ப் பை நிறைந்துவிட்டது என்றார். மேசையிலிருந்து டியூட்டி டாக்டர் ஒரு கேஸ் ஷீட்டைக் கேட்டுக் குரல் கொடுத்தார். அவர் ஓடிப்போய் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, ஒரு கிண்ணத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா எட்டாவது வரை படித்தவர். தன் மாத்திரைகளின் பெயர் தெரியாது. நிறமும் எண்ணிக்கையும் தெரியும். ‘ஏம்மா, எனக்கு ராத்திரிக்கு மூணுதானே, இதுல நாலு இருக்கே?’ என்றார். அந்தப் பெண் கிண்ணத்தைத் திரும்ப வாங்கி, ஷீட்டைப் பார்த்து, ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்துவிட்டார். அது பக்கத்துக் கட்டிலுக்கு உரியது. ‘சாரிம்மா’ என்றார். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இதை அண்ணனிடம் ஃபோனில் சொன்னேன். அண்ணன் மருத்துவமனை மேலாளரிடம் பேசினார். காலையில் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் ஒரு படிவத்தோடு வந்தார். மருந்தின் பெயர், கட்டில் எண், நேரம், பணியிலிருந்த செவிலியர் பெயர், நடந்தது என்ன, புகார் கொடுப்பவர் கையொப்பம். நடந்தது என்ன என்ற இடத்தில் என் கேள்வியை நான் எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. கையெழுத்துப் போட்டேன். அந்த நர்ஸ் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்ததாகவும், மூன்று நாள் சம்பளம் பிடித்ததாகவும் இன்னொரு நர்ஸ் சொன்னார். ஏழாம் நாள் லிஃப்ட் வாசலில் அவரைப் பார்த்தேன். ‘அம்மா எப்படி இருக்காங்கக்கா?’ என்று கேட்டார்.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிப்பவள். மருத்துவ ஆய்வுகளைப் படித்துப் பழக்கமில்லை. ஒரு நாவலையோ தன்வரலாற்றையோ எப்படி வாசிப்பேனோ அப்படித்தான் இவற்றையும் வாசித்தேன். யார் பேசுகிறார்கள், யார் பெயரில்லாமல் வருகிறார்கள், எந்த வினைக்கு எழுவாய் காணவில்லை என்று பார்ப்பது எங்கள் தொழில்.

இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2010இல் ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் ஜோஹானா வெஸ்ட்புரூக்கும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இரண்டு போதனா மருத்துவமனைகளில் 98 செவிலியர்களின் கூடவே நடந்து, அவர்கள் 720 நோயாளிகளுக்கு 4,271 முறை மருந்து கொடுத்ததைப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். பாதிக்கு மேல், 53.1 சதவீதம், ஏதோ ஒரு குறுக்கீட்டோடுதான் நடந்தன. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நடைமுறைத் தவறுகள் 12.1 சதவீதமும், மருந்து, அளவு, நேரம் போன்றவற்றில் நேரும் மருத்துவத் தவறுகள் 12.7 சதவீதமும் கூடின. குறுக்கீடே இல்லாதபோது பெரிய தவறு நேரும் வாய்ப்பு 2.3 சதவீதம், நான்கு குறுக்கீடுகள் என்றால் 4.7. எங்கள் கட்டிலருகே அன்றிரவு மூன்று.

இந்த எண்களைப் படித்தபோது வந்த முதல் உணர்வு நிம்மதி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தவறு அந்தப் பெண்ணின் கவனக்குறைவு இல்லை என்று யாரோ எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருக்கிறது. செவிலியரின் அனுபவம் இதிலிருந்து காப்பாற்றவில்லை; அனுபவம் மிகுந்தவர்களிடம் நடைமுறைத் தவறுகள் கூடுதலாகவே இருந்தன. ‘சின்னப் பொண்ணு, அனுபவம் இல்லை’ என்று சூப்பரின்டெண்டென்ட் என்னிடம் சொன்ன சமாதானம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

ஆனால் மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் ஓர் எண் அதில் உண்டு. குறுக்கீடே இல்லாமல் மருந்து கொடுத்தபோதும் 69.6 சதவீதத்தில் ஏதாவது ஒரு நடைமுறைத் தவறு இருந்தது. மருத்துவத் தவறு 25.3 சதவீதத்தில். அதாவது யாரும் கூப்பிடாத, யாரும் தொடாத, ஃபோன் அடிக்காத அந்த அபூர்வமான நேரத்திலும் பத்துக்கு ஏழு முறை ஏதோ ஒரு படி விடுபடுகிறது. நோயாளியின் பெயரைச் சரிபார்ப்பது போன்ற படிகள் இவை. கற்றுக்கொண்ட ஒழுங்கு முழுவதையும் ஒவ்வொரு கட்டிலிலும் செய்து முடிக்க நேரம் இருந்ததா என்ற கேள்வி இங்கே எழ வேண்டும். ஒரு குறுக்கீடு எப்போது நிகழ்ந்தது என்று குறிக்க முடியும். எப்போதும் இருந்துகொண்டே இருக்கும் அவசரத்தை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகிறது. குறுக்கீடுதான் பிரச்சினை என்று ஆனதும், தீர்வை விமானத் துறையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1974இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று தரையிறங்கும்போது விழுந்தது. விமானிகள் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்தது விசாரணையில் தெரிந்தது. 1981இல் விதி வந்தது: தரையில் நகரும்போதும், மேலே ஏறும்போதும், இறங்கும்போதும், பொதுவாக 10,000 அடிக்குக் கீழே இருக்கும்வரை, பறப்பதற்குத் தேவையில்லாத எந்த வேலையும் விமானி அறையில் கூடாது. மருந்து கொடுக்கும் நேரமும் அப்படிப்பட்ட நேரம்தானே என்று செவிலியர் துறையில் எழுதினார்கள். நியாயமான ஒப்புமை. விதியின் வாசகத்தைத் தேடிப் படித்தேன். அது முதலில் விமானியிடம் பேசவில்லை. விமான நிறுவனத்திடம் பேசுகிறது. இந்த நேரத்தில் இன்ன வேலைகளைச் செய்யும்படி நிறுவனம் கேட்கக் கூடாது என்றுதான் அது தொடங்குகிறது. அதன் பிறகே விமானி செய்யக் கூடாதது வருகிறது.

விமானி அறையிலிருந்து வார்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த எழுவாய் காணாமல் போய்விட்டது. மருத்துவமனை கேட்கக் கூடாது என்று யாரும் எழுதவில்லை. வந்தது ஒரு மேலங்கி. ‘மருந்து கொடுக்கிறேன், தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று எழுதிய, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஓர் அங்கி. டிராலியைத் தொடுவதற்கு முன் செவிலியர் அதை மாட்டிக்கொள்ள வேண்டும், முடித்ததும் கழற்ற வேண்டும். இங்கிலாந்தில் சில மருத்துவமனைகளில் சிவப்பு நிறத்தில் வந்தபோது, நோயாளிகளை விரட்டுவதுபோல இருக்கிறது என்று எதிர்ப்பும் வந்தது.

விமானி அறைக்குக் கதவு உண்டு. செவிலியருக்குக் கிடைத்தது முதுகில் எழுதிய ஒரு வேண்டுகோள். என்னைத் தனியே விடுங்கள் என்று சட்டம் சொல்ல வேண்டியதை அவரே தன் உடம்பில் உடுத்திக்கொண்டு நடக்க வேண்டும். இரவுப் பேருந்தில் பெண்ணைத் தொந்தரவு செய்கிறார்கள் என்றால் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொள் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதாக இருக்காது.

வெஸ்ட்புரூக் குழுவினரை இங்கே பாராட்ட வேண்டும். அந்த அங்கி பயன்படுகிறதா என்று அவர்களே சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். சிட்னி மருத்துவமனை ஒன்றில் நான்கு வார்டுகளில் அங்கியும் அதைச் சார்ந்த அறிவுறுத்தல்களும். நான்கு வார்டுகளில் எதுவும் இல்லை. 227 செவிலியர்கள். மருந்துக்குச் சம்பந்தமில்லாத குறுக்கீடுகள், ஒப்பிட்ட வார்டுகளோடு பார்க்கும்போது, 100 முறைக்கு 15 குறைந்தன. குறைந்தன என்பது உண்மை. 100 முறைக்கு 34 மிச்சம் இருந்தன என்பதும் உண்மை. செவிலியர்களைக் கேட்டபோது, அங்கியை மாட்டிக் கழற்றுவதற்கே நேரம் போகிறது, புழுங்குகிறது, அசௌகரியமாக இருக்கிறது என்றார்கள். இதை மருத்துவமனையின் நிரந்தர விதியாக்க ஆதரவளித்தவர்கள் 48 சதவீதம்தான். குளிரூட்டிய சிட்னி வார்டிலேயே புழுங்கியிருக்கிறது. மே மாத மதுரையில், ஃபேன் சுற்றாத கட்டிலுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு மேல் இன்னொரு பாலியஸ்டரைக் கற்பனை செய்து பாருங்கள்.

அந்த 2017 ஆய்வில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. தொடக்கத்தில் எண்ணிய குறுக்கீடுகளில் 87.9 சதவீதம் அந்த மருந்துக்குச் சம்பந்தமில்லாதவை. மீதம் சம்பந்தமுள்ளவை. குறுக்கீடு எல்லாமே கெடுதல் என்று இவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிரவு எங்கள் கட்டிலருகே நடந்ததை ஒரு பார்வையாளர் குறித்துக்கொண்டிருந்தால், நான் கேட்டது ஒன்று, எதிர்க் கட்டில்காரரின் மகன் ஒன்று, டாக்டர் ஒன்று. நான்காவதாக அம்மா ‘இதுல நாலு இருக்கே’ என்றதையும் அவர் குறித்திருக்க வேண்டும். அதுவும் குறுக்கீடுதான். தவறைப் பிடித்தது அது. தொந்தரவு செய்யாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதிய அங்கியைப் போட்டுக்கொண்டு ஒருவர் மாத்திரையை நீட்டினால் அம்மா வாயைத் திறந்திருப்பாரா? எனக்குச் சந்தேகம். அம்மா எழுதப்பட்ட எதையும் மதிப்பவர். டியூட்டி டாக்டர் மட்டும் அப்போதும் கேஸ் ஷீட்டைக் கேட்டிருப்பார்.

யார் யாரைக் குறுக்கிடலாம் என்பதற்கு வார்டில் எழுதாத விதி இருக்கிறது. காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நாங்கள் அத்தனை பேரும் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோடு நிற்போம். கேட்க வேண்டியதை முதல் நாள் இரவே தாளில் எழுதி வைத்திருப்போம். அவர் எழுதும்போது ‘டாக்டர், ஒரு நிமிஷம்’ என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் போனதும் அந்தத் தாளோடு நர்சிடம் போவோம். எங்கள் வார்டில் ஓர் ஆண் செவிலியரும் சில நாள் வந்தார். அவரை ‘பிரதர்’ என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். கூப்பிடுவதற்கு முன் ஒரு நொடி யோசித்தோம். அந்த ஒரு நொடி பெண்களுக்குக் கிடைக்கவில்லை. பெண்களாகிய நாங்களே அதைக் கொடுக்கவில்லை. கட்டிலருகே கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் மகள், மருமகள், மனைவி. வீட்டில் எங்கள் வேலையை யாரும் எப்போதும் நிறுத்தலாம். அடுப்பில் தாளித்துக்கொண்டிருக்கும்போது சாக்ஸ் எங்கே என்ற கேள்வி வரும். அந்தப் பழக்கத்தை அப்படியே வார்டுக்குக் கொண்டுபோய், வீட்டில் நாங்கள் இருந்த இடத்தில் நர்சை நிறுத்திவிட்டோம்.

இந்த இடத்தில் என் பாடப் புத்தகத்துக்கு வர வேண்டியிருக்கிறது. வர்ஜீனியா வுல்ஃபின் 1929 நூலை, தனக்கென ஓர் அறை வேண்டும் என்று கேட்ட அந்த நூலை, பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். பொதுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதிய பெண்களை இடைவிடாமல் யாராவது கலைத்துக்கொண்டே இருந்தார்கள் என்று அவர் சொல்லும் பகுதி மாணவிகளுக்கு உடனே பிடித்துவிடும். அந்த இடத்தில் வுல்ஃப் சாட்சிக்கு அழைப்பது யாரை என்பதைத்தான் நான் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை. தனக்கென்று அரை மணி நேரம்கூட இல்லாத பெண்களைப் பற்றிய புகாரை வுல்ஃப் அவரிடமிருந்துதான் எடுக்கிறார்.

நைட்டிங்கேல் அதை எழுதியது ‘கசாண்ட்ரா’ என்ற கட்டுரையில், 1852இல். அப்போது அவர் செவிலியராகப் பணியைத் தொடங்கியிருக்கவில்லை. கிரீமியப் போர்முனைக்குப் போனது 1854இல். வசதியான வீட்டின் வரவேற்பறையில், யார் வந்தாலும் எழுந்து பேச வேண்டிய மகளாக இருந்த கோபம் அது. ஆணின் நேரம் அவனுடையது, பெண்ணின் நேரம் வந்து கேட்கிறவருடையது என்ற ஏற்பாட்டை அந்தக் கட்டுரை பிய்த்துப் போடுகிறது. பெரிய நூல் ஒன்றின் பகுதியாக 1860இல் சில பிரதிகள் மட்டும் தனிப்பட அச்சாயின. பொதுவாசகருக்குக் கிடைத்தது 1928இல், ரே ஸ்ட்ரேச்சி பெண்ணுரிமை இயக்க வரலாறு எழுதியபோது பின்னிணைப்பாக.

பிறகு அவர் செவிலியப் பணி குறித்து எழுதிய ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ நூலிலும் குறுக்கீடு வருகிறது. சத்தம் பற்றிய அத்தியாயத்தில். நோயாளி எதையோ யோசித்துக்கொண்டிருக்கும்போது, செய்துகொண்டிருக்கும்போது, திடீரென்று குறுக்கிடாதே என்கிறார். போகிற போக்கில், நல்ல உடம்புள்ளவர்களையும் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தால் அவர்கள் புத்தி கலங்கிப் போவதைத்தான் கண்டிருக்கிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம். வலி இல்லாமலே நடந்துவிடும் சேதம் அது என்கிறார். அந்த வாக்கியம் செவிலியரை நோக்கித் திரும்பும் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. அமைதி நோயாளிக்கு, அதைக் காப்பாற்றுவது செவிலியரின் கடமை. அந்தக் கடமையைச் செய்பவரின் கவனத்தை யார் காப்பாற்றுவது என்ற கேள்வி அங்கே வரவில்லை. வரவேற்பறை மகளின் நேரத்துக்காக அவ்வளவு கோபப்பட்டவர், வேறொரு கட்டடத்தில், சீருடை போட்ட இன்னொரு மகளை எப்போதும் கூப்பிடத்தக்கவராக நிறுத்திவிட்டார் என்று சொன்னால் மிகையாக இருக்கலாம். அவர் காலத்தில் மருத்துவமனையில் பெண்களுக்கு ஒரு மரியாதையான இடம் கிடைக்கவே பெரும்பாடு பட வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த மௌனம் என்னை உறுத்துகிறது.

என் சொந்த வாசிப்பும் உறுத்துகிறது. குறுக்கீடு என்றதும் நாங்கள் வகுப்பில் பேசுவது எழுதப்படாமல் போன கவிதையைப் பற்றி, முடிக்க முடியாத ஆய்வேட்டைப் பற்றி. எழுதும் பெண்ணின் கவனம் புனிதமானது என்று ஏற்றுக்கொள்கிறோம். மாத்திரை பிரிக்கும் பெண்ணின் கவனத்துக்கு அந்த மதிப்பைக் கொடுத்ததில்லை. அது கைவேலைதானே என்ற எண்ணம் உள்ளூர இருக்கிறது. 24 பேரின் ஷீட்டையும், யாருக்கு எது ஒவ்வாது என்பதையும், யாருக்குச் சாப்பாட்டுக்கு முன் யாருக்குப் பின் என்பதையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்பது சிந்தனையில் சேராதா? நான்கு நாளாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது சிந்தனை என்று படவில்லை. அதனால்தான் எழுந்து போய்க் கேட்டேன்.

தவறு பெரிதாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், 2017 டிசம்பரில், ராடோண்டா வாட் என்ற செவிலியர் பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாக உடலை முடக்கும் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். 75 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். மருந்து அலமாரி கணினியில் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டியதும் தவறான மருந்து வந்தது. குப்பியின் மூடியில் எச்சரிக்கை இருந்தது, அவர் பார்க்கவில்லை. அப்போது புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார், அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் கவனம் சிதறியது என்று விசாரணையில் சொன்னார். தவறைத் தானே ஒப்புக்கொண்டார். 2022 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது; மே மாதம் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார்கள். உரிமம் முன்பே போய்விட்டது. அவர் மேல் தவறே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஓர் உயிர் போயிருக்கிறது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் அவர் மட்டுமே நின்றார். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் ஒருவரிடம் கொடுத்த ஏற்பாடு அங்கே நிற்கவில்லை.

இங்கே அந்த ஏற்பாட்டுக்கு நமக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5 நோயாளிகளுக்கு ஒருவர். எங்கள் வார்டில் அன்றிரவு 12 பேருக்கு ஒருவர். அதிலும் எங்களைப் போலக் கட்டிலுக்கு ஓர் ஆள் கூட இருப்பதால், கேள்வி கேட்கும் வாய்கள் 24. அரசு மருத்துவமனைகளின் கதை வேறு மாதிரி. 2015இல் தேர்வு எழுதித் தேர்வாகி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளில் நிரந்தரமாக்குவோம் என்ற வாக்கு நிறைவேறாமல், 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடிய ஒப்பந்தச் செவிலியர்களை நினைவிருக்கலாம். சம்பளப் போராட்டம் என்றுதான் செய்தி வந்தது. நானும் அப்படித்தான் படித்தேன். ஒரு வார்டுக்கு எத்தனை பேர், அவர்கள் நாளைக்கும் இருப்பார்களா என்பது நோயாளியின் மாத்திரைக் கிண்ணத்தைத் தொடும் விஷயம் என்று அப்போது உறைக்கவில்லை.

கூட இருப்பவர்கள் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பேச்சு வராத நோயாளிக்கு அந்தக் கேள்விதான் பாதுகாப்பு. டிரிப்ஸ் நின்றுபோனதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நாம்தான். ஆளைக் குறைத்து வைத்திருக்கும் மருத்துவமனைகள் கூட இருக்கும் பெண்களின் சம்பளமில்லாத கண்களை நம்பித்தான் ஓடுகின்றன. நம்மைப் பேசாதே என்பதும் நர்சை அங்கி போடு என்பதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கேட்க வேண்டிய இடம் அதுதான். காலையும் இரவும் மருந்து நேரத்தில் வார்டு ஃபோனை எடுக்கவும், கூட இருப்பவர்களுக்குப் பதில் சொல்லவும் இன்னொரு ஆள். டியூட்டி டாக்டர் தனக்கு வேண்டிய கேஸ் ஷீட்டைத் தானே எழுந்து எடுத்துக்கொள்வது. ஷிஃப்ட் மாறிய உடனேயே டிராலியை உருட்ட வைக்காமல் கொஞ்சம் இடைவெளி. சம்பளப் பிடித்தம் இல்லாத ஒரு தவறுப் பதிவேடு; அதில் அந்த நேரத்தில் வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள், மருந்து கொடுக்கும்போது வேறு யார் எதற்குக் கூப்பிட்டார்கள் என்ற கட்டங்கள்.

அம்மா டிஸ்சார்ஜ் ஆன நாளன்று, கருத்து எழுதச் சொல்லி வேறொரு படிவம் கொடுத்தார்கள். முகப்படங்களில் ஒன்றைச் சுற்ற வேண்டும், கீழே இரண்டு வரி எழுத இடம். நான்காம் நாள் இரவு எட்டரை மணிக்கு, மருந்து பிரித்துக்கொண்டிருந்தபோது, அவசரமில்லாத ஒரு கேள்வியோடு நான் குறுக்கிட்டேன் என்று எழுதி, முதல் புகாரோடு இதையும் சேர்க்கும்படி கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் படித்துப் பார்த்துவிட்டு, ‘மேடம், இது ஃபீட்பேக் ஃபார்ம், இதுல அதெல்லாம் எடுத்துக்க மாட்டாங்க’ என்றார். அவருக்குப் பின்னால் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது, பில் கட்ட வந்தவர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். படிவத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.